மச்சாளின் மூன்றாவது குழாய்

என் அக்காவுக்கு மச்சாளைப் பிடிக்காமல் போனதற்கு ஒரு சிலுவைதான் காரணம்.

பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டில் எங்கள் கோவிலில் எல்லோரும் வரிசையாகப் போய்ச் சிலுவையை முத்தி செய்வோம். பெரியவர், சின்னவர், மூட்டு வருத்தக்காரர் எல்லோரும் குனிந்து, யேசுவின் பாதத்தில் வாய் வைத்துவிட்டுத்தான் வருவோம். மச்சாள் மட்டும் குனியமாட்டார். விரல் நுனியால் பாதத்தைத் தொட்டு, அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவார். அந்த வருடம் அவருக்குப் பின்னால் நின்ற அக்கா அதைக் கண்டுவிட்டாள்.

"கண்டனியே? ஆண்டவரின்ரை காலிலையும் வாய் வைக்கமாட்டாவாம். நாங்கள் வாய் வைச்ச இடமெல்லே, அருவருப்பு!" என்று காரில் ஏறியதும் தொடங்கினாள். இந்தப் பிரெஞ்சு பேசுகிற நகரத்தின் ஓரத்தில், இல்-பிசாரில் இருக்கிற வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை.

அப்போது அவர் எங்களுக்கு மச்சாள் ஆகியிருக்கவில்லை. கோவிலில் கண்டால் தலையாட்டுகிற பழக்கம் மட்டும்தான். கணவரை ஊரிலேயே இழந்தவர். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற இடத்தில் வேலை. கோட்-டெ-நெய்ஜில் ஒரு தொடர்மாடியில் மகளோடு இருந்தார். அந்த மகளைத்தான் அக்காவின் மகன் கல்லூரியில் கண்டு விரும்பினான். அக்கா அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், கடைசியில் வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தாள். பேசி முடித்த அன்றிலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் மச்சாள் என்று கூப்பிட்டுக்கொண்டோம்.

பேசி முடிக்க வந்த அன்றும் ஒரு கூத்து நடந்தது. அக்கா தன்னிடமிருந்த நல்ல கிளாசில் தோடம்பழச் சாறு கொடுத்தாள். மச்சாள் அதை அண்ணாந்து வாயில் ஊற்றினார். மூட்டு வருத்தத்தால் வீங்கின விரல்களால் கிளாசைச் சரியாகப் பிடிக்க முடியாமல் பாதி சட்டையில் கொட்டியது. அப்படியிருந்தும் கிளாசில் வாய் வைக்கவில்லை. அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து, கலியாணம் அன்றே நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். "எங்கடை வீட்டுக் கிளாசிலை வாய் வைச்சால் பெருமை குறைஞ்சுபோமோ? இன்னும் ஒரு சாட்டுக் கிடைக்கட்டும், அப்ப பார்" என்றாள். சொன்னால் செய்கிறவள். கோபம் எங்கள் குடும்பச் சொத்து, எனக்கும் அதில் குறைவில்லாத பங்கு உண்டு.

அந்த வருடங்களில் நான் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்தேன். கோட்-டெ-நெய்ஜில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே தெரிகிற கட்டடம். நோயாளிகளின் இரத்தக் கலங்களுக்குள், செல் என்கிறார்களே அவற்றுக்குள், ஒரு புரதத்தைத் தேடுவதுதான் என் வேலை. எங்கள் இரத்தத்தில் இருக்கிற காவல் கலங்கள் ஒன்றோடொன்று கதைப்பதற்குச் சில புரதங்களை அனுப்பும். நான் தேடியது, கிருமி வந்துவிட்டது, எல்லோரும் எழும்புங்கள் என்று சத்தம் போடுகிற புரதம். மூட்டுவாதக்காரரின் உடம்பில் கிருமி இல்லாமலே அந்தச் சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் மூட்டு வீங்கி, விரல் கோணி, காலையில் ஒரு போத்தல் மூடியைக்கூடத் திறக்க முடியாமல் போகிறது. அந்தப் புரதத்தைப் பிடித்து அடக்குகிற ஊசி ஒன்று அப்போதுதான் வந்திருந்தது. ஊசி போடுவதற்கு முன்னும் பின்னும் நோயாளிகளின் கலங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று எங்கள் பேராசிரியர் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஊசி நல்ல ஊசிதான். எழும்ப முடியாமல் கிடந்தவர்கள் நடந்து போனதை நானே கண்டிருக்கிறேன். ஆனால் அதில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. எப்போதோ காசநோய் வந்த உடம்பில் கிருமி முழுக்கச் சாகாமல் ஒரு மூலையில் கிடக்கும். அதைச் சுற்றிச் சுவர் கட்டி அடைத்து வைத்திருப்பதும் இதே புரதம்தான். ஊசி போட்டுப் புரதத்தை அடக்கினால் சுவர் சரியும், கிருமி எழும்பும், ஆளைத் தின்றுவிடும். அதனால் ஊசிக்கு முதல் டாக்குத்தர் கட்டாயம் கேட்கிற கேள்வி, உங்களுக்கோ வீட்டில் யாருக்குமோ காசநோய் வந்ததா என்பது.

அந்தக் கேள்வியை மச்சாளிடம் கேட்பதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நினைக்க இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. தாதி ஆய்வுகூட வாசலில் வந்து நின்று, உன்னுடைய பாஷைக்காரப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள், மொழிபெயர்க்க வா என்றாள். நான் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனேன். அறைக்குள் மச்சாள் இருந்தார். என்னைக் கண்டதும் அவருடைய முகம் செத்துப்போனது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை. கை நோவாக்கும் என்று நினைத்தேன்.

டாக்குத்தர் இளம் பெடியன், மரியாதையானவர், இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். காசநோய்க் கேள்வி வந்தபோது மச்சாள் டாக்குத்தரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"இல்லை. எங்கடை வீட்டிலை அப்பிடி ஒண்டும் இல்லை."

நான் "நோன்" என்றேன்.

"ஒருத்தருக்கும் இல்லையெண்டு சொல்லுங்கோ, மச்சாள். அப்பா வழியிலையும் இல்லை, அம்மா வழியிலையும் இல்லை."

அதையும் சொன்னேன். கையில் தோலுக்குள் போட்டுப் பார்க்கிற சோதனை செய்தார்கள், வீக்கம் வரவில்லை. அவர் ஏற்கெனவே மூட்டு வீக்கத்துக்குக் குடித்துக்கொண்டிருந்த குளிசை அந்தச் சோதனையை ஊமையாக்கக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்காகத்தானே வாயாலும் கேட்கிறார்கள். நெஞ்சுப் படத்திலும் பெரிதாக ஒன்றும் இல்லை என்றார்கள். ஊசிக்கு நாள் குறித்தார்கள். அது பெரிய வெள்ளி வருகிற பெரிய கிழமையில் வந்தது.

ஊசிக்கு முதல் எடுத்த இரத்தம் என் மேசைக்கு வந்தது. அன்றைக்கு வந்தது அவருடைய இரத்தம் ஒன்றுதான், அதனால் மேலே பெயர் இல்லாமல் இலக்கம் மட்டும் இருந்தாலும் யாருடையது என்று எனக்குத் தெரியும். மூன்று குழாய்களில் பிரித்தேன். முதலாவதில் ஒன்றும் சேர்ப்பதில்லை. இரண்டாவதில் எந்தக் கலத்தையும் தட்டி எழுப்புகிற ஒரு பொருளைச் சேர்ப்போம், கலங்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க. மூன்றாவதில் காசநோய்க் கிருமியின் புரதத் துண்டு. அது கிருமியே அல்ல, கிருமியின் அடையாளம் மட்டும். முன்பு அந்தக் கிருமியைக் கண்டிருந்த கலம் அதை அடையாளம் கண்டு சத்தம் போடும். காணாத கலம் பேசாமல் இருக்கும். சின்ன வயதில் தோளில் தழும்பு விடுகிற தடுப்பூசிக்கு இந்தத் துண்டு பதில் சொல்லாது, மெய்யான கிருமிக்கு மட்டும்தான்.

கலம் செய்கிற புரதம் உடனே வெளியே போய்விடும் என்பதால், அதை உள்ளேயே மறித்து வைக்கிற மருந்தொன்றும் போடுவோம். பிறகு கலங்களை இருந்தபடியே நிலைக்கவைத்து, சவ்வில் சின்னச் சின்னத் துளை போட்டு, ஒளிரும் சாயம் ஒட்டிய அன்டிபொடியை உள்ளே விடுவோம். ஊரில் பள்ளிக்கூடத்தில் பிறபொருளெதிரி என்று படித்தோமே, அதுதான். நாங்கள் தேடுகிற புரதத்தை மட்டும் போய்ப் பிடித்துக்கொள்ளும், மற்றதைத் திரும்பியும் பாராது. கடைசியில் கலங்கள் ஒவ்வொன்றாக லேசர் வெளிச்சத்துக்கு முன்னால் ஓடும். ஒளிர்கிற கலம் திரையில் மேலே ஒரு புள்ளியாக விழும்.

முதலாம் குழாயில் மேலே வெறுமை. இரண்டாவதில் நிறையப் புள்ளிகள், சரி. மூன்றாவதை வைத்தேன். புள்ளிகள் மேலே ஏறத் தொடங்கின. ஏறிக்கொண்டே இருந்தன.

குழாயை மாறி வைத்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மிச்சமிருந்த இரத்தத்தை எடுத்துத் திரும்பவும் முதலிலிருந்து செய்தேன். திரும்பவும் அதே. பொய் சொல்லிவிட்டார் என்று எனக்கு விளங்கியது. என்னிடம் பொய் சொல்லி, என் வாயாலேயே அந்தப் பொய்யைப் பிரெஞ்சில் சொல்லவைத்திருக்கிறார். திரையில் இருந்ததைப் படமாக அச்சிட்டேன்.

பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் படத்தைப் பார்த்து, மிக அழகான மறுமொழி என்றார். அழகாம்! இந்தப் பெண்ணுக்கு இந்தக் கிழமை ஊசி போடப்போகிறார்கள் என்றேன். இது ஆராய்ச்சி, நோயைக் கண்டுபிடிக்கிற சோதனை அல்ல, முடிவுகள் இந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது, அதற்கு ஒப்புக்கொண்டுதானே வேலை செய்கிறாய் என்றார். தோல் சோதனையில் இல்லை, படத்தில் இல்லை, நோயாளியும் இல்லை என்று சொல்லியிருக்கிறார், நீ பதறுவது எதற்கு?

"நோயாளி இல்லையென்று சொன்னது நான் அங்கே இருந்தபடியால்தான்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. விளக்கினேன். அந்தப் பெண்ணின் மகளை என் அக்காவின் மகன் கட்டப்போகிறான். எங்களிடையே காசநோய் வந்த வீட்டில் பெண் எடுக்கப் பயப்படுவார்கள். மாப்பிள்ளையின் சித்தியைக் கதிரையில் இருத்திவைத்து, உங்களுக்குக் கசம் வந்ததா என்று கேட்டால் எந்தத் தாய் ஓம் என்று சொல்லுவாள்? உங்கள் மகளுக்குக் கலியாணம் பேசுகிற நேரத்தில் உங்களிடம் இப்படி யாராவது கேட்பார்களா?

அவர் தலையை ஆட்டிவிட்டு, அது கலாச்சாரப் பிரச்சினை என்றார். அடுத்த கூட்டத்தில் கதைப்போம் என்றார். அடுத்த கூட்டம் ஊசிக்குப் பிறகுதான்.

கலாச்சாரமாம், கண்டறியாத கலாச்சாரம்! பாஷை ஒன்று என்றால் எந்தத் தமிழரையும் எந்தத் தமிழருக்கும் முன்னால் இருத்தலாம் என்று நினைத்தது எந்தக் கலாச்சாரம்? நான் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். டாக்குத்தரிடம் நானே போய்ச் சொன்னால் என்ன என்று யோசித்தேன். சொன்னால் அவர் நல்ல மனிதர், ஆனால் எங்கள் ஆராய்ச்சியை மட்டும் வைத்து ஒன்றும் செய்யமுடியாது, உடனே நோயாளியைக் கூப்பிட்டுத் திரும்பக் கேட்பார். கேட்பதற்கு மொழிபெயர்க்க யாரைக் கூப்பிடுவார்? என்னைத்தான். மச்சாள் திரும்பவும் இல்லை என்பார். கோதாரி!

வேலை முடிந்ததும் நேரே மச்சாள் வீட்டுக்கு நடந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து சரிவால் இறங்கினால் கிட்டத்தான். மகள் வேலைக்குப் போயிருந்தாள், நல்லதாய்ப் போயிற்று. மச்சாள் எனக்குத் தேத்தண்ணி வைத்துத் தந்தார். தனக்குத் தண்ணீர் ஊற்றினார். கிளாசை இரண்டு மணிக்கட்டுகளுக்கும் இடையில் பிடித்துத் தூக்கி, அண்ணாந்தார். தன் வீடு, தன் கிளாஸ், தன் தண்ணீர். அப்போதும் விளிம்பில் வாய் படவில்லை.

எவ்வளவு மொக்குகளாக இருந்திருக்கிறோம் நானும் அக்காவும்! பெருமையாம், அருவருப்பாம்.

"வாய் வைச்சுக் குடியுங்கோ மச்சாள்" என்றேன். "நான் உங்கடை இரத்தத்தைப் பார்த்தன்."

கிளாசை மேசையில் வைத்தார். பிறகு என் கையைப் பிடித்தார்.

"உங்கடை அக்காவுக்குச் சொல்லிப்போட்டியளே?"

"உங்கடை உயிர் போகப்போகுது, நீங்கள் அக்காவைக் கேக்கிறியள்!" என்று கத்தினேன். "எப்ப வந்தது?"

கலியாணத்துக்கு முதல், அவருடைய பதினேழு வயதில் வந்ததாம். இருமினால் இரத்தம். ஊரில் யாருக்கும் தெரியக்கூடாது என்று தாய் அவரை மன்னாரில் ஓர் உறவினர் வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அங்கே கிளினிக்கில் மருந்து.

"மருந்து முடிச்சனீங்களோ?"

"எங்கை முடிக்கிறது? பாதியிலை எனக்குக் கலியாணம் பேசி வந்திட்டினம். கிளினிக்குக்குப் போறதை ஆரும் கண்டால் கதை அடிபடுமெண்டு அம்மா நிப்பாட்டிப்போட்டா. இருமலும் நிண்டிட்டுது. அவருக்கும் சொல்லேல்லை, தெரியாமலே போய்ச் சேர்ந்திட்டார்." கண்ணைத் துடைத்தார். "அம்மா ஒண்டு மட்டும் சொன்னவ. ஒருத்தற்ரை சாமானிலையும் வாய் வைக்காதை, ஒருத்தரையும் கொஞ்சாதை, சாகுமட்டும் இதை மறக்காதை எண்டவ. நான் மறக்கேல்லை, மச்சாள். என்ரை பிள்ளையைக்கூடக் கொஞ்சினதில்லை. கன்னத்திலை ஒரு முத்தம் குடுத்ததில்லை. அவள் நல்லா இருக்கவேணுமெல்லே?"

எனக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. அவருடைய தாயையா, செத்துப்போனவரை என்ன செய்வது? மருந்தைப் பாதியில் நிறுத்தவைத்த கலியாணப் பேச்சையா? இதோ இன்னொரு கலியாணப் பேச்சு, அதே பொய், இந்த முறை சாட்சிக்கு நான்.

"உங்களுக்கு விசரே?" என்றேன். "இந்த ஊசியை இப்பிடியே போட்டால் உள்ளுக்குக் கிடக்கிற கிருமி எழும்பும். மகளின்ரை கலியாணம் பார்க்க நீங்கள் இருக்கமாட்டியள். சொன்னால் என்ன செய்வினம் தெரியுமே? குளிசை தருவினம். குடிச்சு முடிச்சாப்பிறகு ஊசி போடுவினம். அவ்வளவுதான்!"

"உங்களை வைச்சுக்கொண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அதுதானே. இத்தனை படித்தும் எனக்கு அது அப்போதுதான் முழுதாகப் பிடிபட்டது. நான் செய்யவேண்டிய ஒரே உதவி, அந்த அறையில் இல்லாமல் இருப்பது. அங்கே வேறு தமிழரைக் கூப்பிட்டாலும் அவரும் எங்கள் கோவிலாகத்தான் இருப்பார், இல்லாவிட்டால் அவருடைய பெண்சாதி எங்கள் கோவிலாக இருப்பாள்.

"உங்களுக்குப் பிரெஞ்சு எவ்வளவு தெரியும்?"

"வேலையிலை கதைக்கிறது தெரியும். போன்ஜூர், மெர்சி, ஃபினி, பா ஃபினி."

"காணும். பா ஃபினி காணும்" என்றேன். அங்கேயே குசினி மேசையில் இருந்து சொல்லிக்கொடுத்தேன். ஜே ஊ லா துபெர்குலோஸ், எனக்குக் காசநோய் வந்தது. மருந்துக்குக் கையைக் காட்டி, பா ஃபினி, முடிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு அடுக்கி முடியாவிட்டால் மேற்பார்வைக்காரருக்குச் சொல்கிற அதே சொல். மச்சாள் செபமாலை சொல்வதுபோல் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். இடையில் நிறுத்தி, "அக்காவுக்குச் சொல்லமாட்டியள்? சத்தியம்?" என்றார். "சத்தியம்" என்றேன்.

ஊசி நாளன்று தாதி என்னைத் தேடி வந்தாள். வரமாட்டேன் என்றேன். நோயாளிக்குப் பாஷை தெரியாதே என்றாள். தெரியும், பொறுமையாகக் கேட்டால் தெரியும் என்றேன். அவள் முணுமுணுத்துக்கொண்டு போனாள். இருக்கமுடியாமல் நானும் பின்னால் போய் நடைவழியில் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. சொல்லாமல் வந்துவிட்டால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். உள்ளே போய், ஊசி மருந்து தொங்குகிற பையைப் பிடுங்கி எறிந்திருப்பேன், வேலை போனால் போகட்டும்.

மச்சாள் வெளியே வந்தபோது கையில் ஊசி குத்தின அடையாளம் இல்லை. நெஞ்சை இன்னொரு முறை விவரமாகப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். "சொல்லிப்போட்டன்" என்றார். "டாக்குத்தர் எழும்பி வந்து என்ரை கையைப் பிடிச்சவர்." அதைச் சொல்லும்போதுதான் அழுதார்.

படத்தில் பழைய தழும்பு இருந்தது, புதிதாக ஒன்றும் இல்லை. இப்போது யாருக்கும் தொற்றாது என்று டாக்குத்தர் அவருக்கு விளங்கும் பிரெஞ்சில், கையாலும் காட்டிச் சொல்லியிருக்கிறார். பல மாதம் குளிசை. ஈரலைப் பார்க்க இடைக்கிடை இரத்தச் சோதனை. ஒரு நாள் தவறவிடாமல் குடித்தார்.

பேராசிரியருக்கு விசயம் தெரியவந்தது. நோயாளியின் வீட்டுக்குப் போய் ஆராய்ச்சி முடிவைச் சொன்னது விதிமீறல் என்றார், இனி நோயாளிகளோடு நான் கதைக்கவே கூடாது என்றார். விதியில் நியாயம் இருந்தது. எங்கள் சோதனை தவறியிருந்தால் ஒருவரைச் சும்மா பயப்படுத்தியிருப்பேன். அதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்து ஒத்துக்கொள்ள அன்றைக்கும் முடியவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு அவர் ஒரு கூட்டத்தில் காட்டிய படங்களில் மச்சாளின் மூன்றாவது குழாயும் இருந்தது. மிக அழகான மறுமொழி என்று அங்கேயும் சொன்னார். நான் எழுந்து கோப்பி குடிக்கப் போய்விட்டேன்.

இதற்கிடையில் அக்கா. "என்ன, உவவுக்கு ஊசி போடேல்லையாம்? வேறை ஏதும் வருத்தமோ?" என்று மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"பல்லு" என்றேன். "பல்லிலை ஏதோ கிருமியாம். அதைச் சுகமாக்கிப்போட்டுத்தான் போடுவினமாம்."

"பல்லோ? அதுதான் வாய் வைக்கிறேல்லைப் போலை" என்றாள். சிரிப்பும் வந்தது, அவளைப் பிடித்து உலுக்கவேண்டும் போலவும் வந்தது. பெருமை பிடித்தவள் என்று அவள் அடுத்த வருடத்துப் பெரிய வெள்ளியிலும் சொன்னாள், நான் வாயை மூடிக்கொண்டு கேட்டேன். சத்தியம் செய்தவளுக்கு வேறு வழி என்ன? எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

குளிசை முடிந்து, ஊசியும் தொடங்கி, மச்சாளின் விரல்கள் வீக்கம் வற்றிய கோடையில் கலியாணம் நடந்தது. கோவிலுக்குக் கீழேயிருக்கிற மண்டபத்தில் விருந்து. மகளோடு வேலை செய்கிறவர்கள், படித்தவர்கள், பிரெஞ்சுக்காரப் பிள்ளைகள் எல்லோரும் வந்து இந்த ஊர் வழக்கப்படி மணப்பெண்ணை இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார்கள். அக்காகூட மருமகளைக் கட்டிப் பிடித்துக் கொஞ்சினாள், படம் எடுத்தவருக்குச் சரியாக வரவில்லை என்று இரண்டாம் தரமும் கொஞ்சினாள். மச்சாள் வந்தார். மகளின் தலையைத் தடவினார். அப்படியே விலகிக் குசினிக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மணப்பெண் என்னை நடைவழியில் மறித்தாள்.

"மாமி, ஒண்டு கேக்கட்டே? அம்மாவுக்கு என்னிலை என்ன கோபம்?"

"கோபமோ? ஆர் சொன்னது?"

"இண்டைக்கும் கொஞ்சேல்லை. நான் வேலை செய்யிற கார்தெரியிலை விடிய பிள்ளையளைக் கொண்டுவந்து விடேக்கை ஒவ்வொரு தாயும் கொஞ்சிப்போட்டுத்தான் போவா. நான் ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கிறன், மாமி. என்னைக் கொஞ்சினதாய் எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை. நான் என்ன பிழை செய்தன்?"

காரணம் என் வாய்வரைக்கும் வந்தது. விழுங்கினேன். "நீ ஒரு பிழையும் செய்யேல்லை. மண்டபத்துக்குள்ளை போய் நில்லு, அழாதை, மை கரையுது" என்று அதட்டி அனுப்பிவிட்டு, குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

மச்சாள் தனியாக நின்று வடைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இப்போது விரல்கள் நன்றாக மடங்கின.

"டாக்குத்தர் என்ன சொன்னவர்?" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "எதை?"

"தொத்துமெண்டோ, தொத்தாதெண்டோ சொன்னவர்?"

"தொத்தாதெண்டு."

"ஒருக்கால் சொன்னவரோ, ஒவ்வொரு முறையும் சொன்னவரோ?"

"ஒவ்வொரு முறையும்தான்."

"அப்ப என்ன கோதாரிக்கு அந்தப் பிள்ளையைக் கொஞ்சாமல் வந்தனீங்கள்? தான் என்ன பிழை செய்தனெண்டு அவள் வெளியிலை நிண்டு என்னைக் கேக்கிறாள்! நான் என்னத்தைச் சொல்ல? சத்தியம் வேறை வாங்கி வைச்சிருக்கிறியள்!"

மச்சாள் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"கிட்டப் போறன், மச்சாள்" என்றார். "போனாப்பிறகு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. வாயை எப்பிடி வைக்கிறதெண்டும் தெரியேல்லை. ஒருநாளும் செய்யேல்லையே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரண்டு கையாலும் அவருடைய முகத்தைப் பிடித்தேன். பழக்க தோஷத்தில் அவர் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பப் பார்த்தார், நான் விடவில்லை. ஒரு கன்னத்தில் சத்தமாகக் கொஞ்சினேன். முகத்தைத் திருப்பி மற்றக் கன்னத்திலும் கொஞ்சினேன்.

"இப்பிடித்தான்!" என்றேன். "இது ஒரு பெரிய வித்தையே? போங்கோ!"

அவர் போனார். நான் மிச்ச வடைகளை அடுக்கத் தொடங்கினேன். மண்டபத்துக்குள் பாட்டுச் சத்தத்துக்கு மேலால் மகள் "அம்மா!" என்று கத்தியது குசினிவரைக்கும் கேட்டது.